காலிக் கோப்பையில் இருந்தவன்

தேநீரைக் குடித்து முடித்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் யாரும் இல்லை. மூடுபனிதான் நின்றது. தென்சீனத்து ஃபெங்ஹுவாங் மலையில் வசந்தம் முடிகிற நாட்களில் அது வந்து நிற்காத வாசல் கிடையாது.

சியூ லுவான் மட்டும் திரும்பவில்லை. அவள் கையில் தேயிலை ஊறுகிற மூடிக்கிண்ணம் இருந்தது. ஊற்றுகிறவள் கடைசியில்தான் குடிக்க வேண்டும். எத்தனை பேர் வந்து உட்கார்ந்தாலும் தட்டில் மூன்றே கோப்பைகள்தான், நான்காவது ஆள் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் காத்திருக்கிறவள் அவள்தான், அதில் அவளுக்கு வருத்தமும் இருந்ததில்லை.

"என்ன, எல்லாரும் பேயைப் பார்த்த மாதிரி முழிக்கிறீங்க?" என்று சிரித்தபடி கேட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஹோக் தியாம் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் ஒரே சத்தத்தில் பேசுகிற மனிதர். அவரே காலிக் கோப்பையை மூக்கருகில் பிடித்தபடி வாயடைத்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். மூன்றாவது ஆள் போ கிம். சியூ லுவானின் நாத்தனார், கணவனுக்கு மூத்தவள். அவள் கோப்பையைக் கீழே வைக்கவே இல்லை.

"நல்லாருக்கா இல்லையா? அதை முதல்ல சொல்லுங்க."

"நல்லாத்தாம்மா இருக்கு," என்றார் ஹோக் தியாம். "வாயில இஞ்சிப்பூ. தொண்டையில தேன். முழுங்கினப்புறம் நாக்கு ஓரத்துல இனிப்பு ஊறுது. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா..."

"ஆனா?"

"காலிக் கோப்பையில தெக் ஹாய் இருக்கான்மா."

தெக் ஹாய் சியூ லுவானின் கணவன். போன குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி முற்றி இறந்துபோனவன்.

அந்த மலையில் ஊலாங் தேநீரை வாயில் வைத்து மட்டும் யாரும் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். குடித்து முடித்து, கோப்பை ஆறி, அதன் அடியில் என்ன வாசம் தங்குகிறது என்று முகர்ந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்கள். தேநீர் பொய் சொல்லலாம், காலிக் கோப்பை சொல்லாது என்பது அவர்கள் கணக்கு. அன்றைக்கு எல்லாரும் கூடியது, வீட்டுக்கு மேலே சரிவில் நிற்கிற கிழட்டு இஞ்சிப்பூ மரத்தின் தேயிலைக்காக. அங்கே ஒவ்வொரு பழைய மரத்தின் இலையையும் தனியாகப் பறித்து, தனியாக வாட்டி, அந்த மரத்தின் வாசத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இந்த மரம் போ கிம், தெக் ஹாய் இருவருக்கும் பொதுச் சொத்து. பறித்ததும் கரிச்சூட்டில் முதல் வாட்டு வாட்டியதும் சியூ லுவான்.

அவள் ஹோக் தியாமின் கையிலிருந்து கோப்பையைப் பிடுங்காத குறையாக வாங்கி முகர்ந்தாள். இஞ்சிப்பூ இருந்தது. அதற்குப் பின்னால் தேன், அதற்கும் பின்னால் மழைக்குப் பிறகு பாசிக்கல்லில் வருகிற குளிர்ச்சி. அவ்வளவுதான்.

"என்ன வாசம்? சொல்லுங்க, என்ன வாசம் வருது?"

"அவன் வாயில போட்டு ஊற வச்சுட்டே இருப்பானே, கறுத்துப்போன உப்பு நாரத்தை, அது," என்றார் ஹோக் தியாம். "அப்புறம் முழங்காலுக்குத் தேய்ப்பானே, அந்தக் கற்பூரத் தைலம்."

"நனைஞ்ச கம்பளி," என்றாள் அவர் மனைவி, தரையைப் பார்த்தபடி. "மழையில வந்து நிப்பாரே, அப்படி."

போ கிம் கோப்பையைத் தட்டில் வைத்தாள். அவள் எழுந்து நேராகத் தேயிலை வாட்டும் அறைக்குள் போனாள்.

சியூ லுவானின் மூக்கு அந்த மலையில் பேர்போனது. எந்தச் சரிவில் பறித்த இலை, காலையில் பறித்ததா மதிய வெயில் ஏறிய பிறகா, எல்லாம் சொல்லிவிடுவாள். ஒருமுறை ஹோக் தியாம் தேயிலை கொண்டுவந்த கூடையை முகர்ந்துவிட்டு, இதில் எப்போதோ கருவாடு வைத்திருக்கிறீர்கள் என்றாள். அவர் சத்தியம் பண்ணி மறுத்தார். அவர் மனைவிதான் முகம் சிவந்து உள்ளே போனாள். அப்படிப்பட்ட மூக்கு, பதினெட்டு வயதிலிருந்து பக்கத்தில் படுத்த மனிதனின் வாசத்தைத் தவறவிட்டு நின்றது. அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். பொறாமையில் அவளுக்கு வயிறு எரிந்தது.

"லுவான், இங்க வா," என்று போ கிம்மின் குரல் வந்தது.

அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தெக் ஹாயின் கம்பளிச் சட்டை தொங்கியது.

"இது என்ன?"

"அவர் சட்டை."

"எனக்குக் கண்ணு இருக்குடி. இங்க ஏன் தொங்குது?"

"அவர் படுத்ததுல இருந்து அங்கதானே தொங்குது, மதினி."

வாட்டும் அறைக்குள் வாசமுள்ள எதையும் விடக் கூடாது. தலைக்கு எண்ணெய் தடவியவர்கள், மீன் கழுவிய கை, புதிதாக இழைத்த பலகை எதற்கும் அங்கே இடமில்லை. தேயிலை எதையும் உறிஞ்சிக்கொள்ளும். பெற்ற குழந்தையைக்கூடத் தூக்கிக்கொண்டு அந்த வாசல்படி தாண்டக் கூடாது. இதெல்லாம் சியூ லுவானுக்குத் தெரியாததல்ல. ஆனால் நோய் முற்றியபோது மலை முழுக்க ஈரம், சுவரில் நீர் வடிந்தது, வீட்டிலேயே காய்ந்த இடம் அந்த ஒரு அறைதான். மூச்சு விட முடியாமல் கிடந்தவனை அங்கேதான் படுக்க வைத்தாள். அவன் உயிர் போனதும் அங்கேதான்.

வசந்தம் வந்தபோது அவள் அறையைக் கழுவினாள். முதல் கரியைப் பற்றவைக்கும் முன் எல்லாரும் செய்வது போல நடுவில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. சுத்தம் என்று தீர்மானித்து இலையைக் கூடையில் பரப்பினாள். தன் மூக்கை நம்பினாள், அதுதான் அவள் செய்த தப்பு.

"இந்தச் சுவர் பூரா அவன் இருக்கான்," என்றாள் போ கிம். "நெஜமாவே உனக்குத் தெரியலையா?"

சியூ லுவான் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டாள். கம்பளி முகத்தில் குத்தியது. வேறெதுவும் இல்லை. சட்டைக்குள்ளிருந்தே சொன்னாள்:

"ஊருக்கெல்லாம் வந்திருக்கார். எனக்கு மட்டும் வரலை."

"அடிப் பைத்தியமே." போ கிம் அவள் தலையைப் பிடித்துச் சட்டையிலிருந்து வெளியே இழுத்தாள். "என் வீட்டுக்குள்ள என்ன வாசம்னு என்னைக் கேட்டா எனக்குத் தெரியுமா? வர்றவங்களுக்குத்தான் தெரியும். நீ அவனுக்குள்ளயே உட்கார்ந்திருக்கே. உன் தலமுடி, உன் தலகாணி, உன் சட்டை எல்லாம் அவன்தான். அப்புறம் மூக்குக்கு எப்படித் தெரியும்?"

பிறகு அவள் குரல் மாறியது. தேயிலை விஷயத்தில் அவள் யாருக்கும் வளையமாட்டாள், தம்பிக்கே வளைந்ததில்லை.

"ரெண்டாவது வாட்டு வாட்டணும். நல்லாச் சூடேத்தி, வாசம் போற வரைக்கும். மனுஷ வாசத்தோட இந்த மரத்துப் பேரைச் சொல்லி ஒரு கோப்பைகூட மலையை விட்டு இறங்காது. மழை பிடிக்கிறதுக்குள்ள முடிச்சாகணும்."

"எனக்கு ஒரு தடவை, மதினி. ஒரே ஒரு தடவை நான் முகர்ந்துடறேன். அப்புறம் என்ன வேணா பண்ணுங்க."

"இங்க இருந்தா நடக்காது. கீழ உன் தங்கச்சி வீட்டுக்குப் போ. மூக்கு மறக்கட்டும். திரும்பி வந்து குடி. நான் கரியைத் தயாரா வைக்கிறேன்."

"நான் வர்ற வரைக்கும் தேயிலையைத் தொடமாட்டீங்களே?"

"தொடமாட்டேன்."

மறுநாள் அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது ஹோக் தியாம் தனியாக வந்தார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடி, ஒரே ஒரு கோப்பை கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் புது இலை போட்டு ஊற்றிக் கொடுத்தாள். அவர் அவசரமாகக் குடித்துவிட்டு, காலிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு மூலைக்குப் போனார்.

"டேய்," என்றார் கோப்பைக்குள், மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. "அந்த மூங்கில் வேலி உன் பக்கம் ரெண்டடி தள்ளித்தான் நட்டேன். எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நீ சண்டைக்கு வருவேன்னு பார்த்தேன், நீ வரவே இல்லை. இப்ப வந்து நிக்கிறே. நாளைக்கே பிடுங்கி நடறேன், சரியா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். வேலி நகர்ந்ததா என்று பார்க்கிற மனநிலையில் சியூ லுவான் இல்லை. அவர் வைத்துவிட்டுப் போன கோப்பையை எடுத்து முகர்ந்தாள். இஞ்சிப்பூவைத் தவிர அதில் ஒன்றுமில்லை. தன் புருஷன் கண்டவனுக்கெல்லாம் காது கொடுக்கிறார், கட்டியவள் மட்டும் வேண்டாதவளாகிவிட்டாள் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகைக்குப் பதில் கோபம்தான் வந்தது.

தங்கை சியூ ஙோ சுவாத்தாவ் துறைமுகத்துக்குப் பின்னால் கணவாய் மீன் காயப்போடுகிற தெருவில் இருந்தாள். அக்காளைக் கட்டிப்பிடித்தவள் சட்டென்று விலகி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, உன் மேல அத்தான் வாசம் அடிக்குது."

"அடிக்குதா? எங்க?"

"எங்கேன்னா? எல்லா இடத்துலயும்தான். கழுத்துல, முடியில." தங்கை கண்கலங்கினாள். "ஒரு நிமிஷம் அவர் பின்னால பையைத் தூக்கிட்டு வர்றாருன்னே நெனச்சுட்டேன்."

அக்காள் கொண்டுவந்த துணியையெல்லாம் சியூ ஙோ அன்றைக்கே வாளியில் போட்டாள். சோப்புக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சியூ லுவான் வெகுநேரம் குளிக்காமல் நின்றாள். அவனை முகர்வதற்காக அவனைக் கழுவ வேண்டியிருக்கிறது. இப்படியொரு கூத்து வேறு யாருக்காவது நடந்திருக்குமா என்று தோன்றியது. பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தலையில் தண்ணீரை ஊற்றினாள். நுரை கால்வழியாக ஓடி வடிகாலில் இறங்குவதை மட்டும் பார்க்கவில்லை.

அந்தத் தெருவில் மூக்கு எதற்கும் கர்வப்பட முடியாது. மீன்சாறு கொதிக்கிற வாடை, கணவாய், டீசல், சேறு. முதலில் குமட்டியது, பிறகு பழகியது, பிறகு அதுவும் தெரியாமல் போனது. தெரியாமல் போன அன்று அவள் மலைக்குப் பேருந்து ஏறினாள்.

வழியெல்லாம் ஒரே நினைப்பு. வாசலில் காலெடுத்து வைக்கும்போதே அவன் வந்துவிடுவான். மற்ற எல்லாருக்கும் வந்தவன்தானே. கடைசி வளைவில் இறங்கி, பனிக்குள் படியேறி, கதவருகே நின்று, கண்ணை மூடி மூச்சை இழுத்தாள்.

ஈரக்கல் வாசம் வந்தது. சோப்பு வாசம் வந்தது.

கண்ணைத் திறந்தாள். கொடியில் கம்பளிச் சட்டை தொங்கியது, கைகள் இரண்டும் நீளமாகி, நுனியில் நீர் சொட்டிக்கொண்டு. சன்னல்கள் எல்லாம் விரியத் திறந்திருந்தன. வாட்டும் அறையின் தரை தேயிலைச் சக்கை போட்டுக் காய்ச்சிய நீரால் தேய்க்கப்பட்டு வெளுத்திருந்தது. படுக்கையை உதறி, தலையணை உறையை மாற்றி, வாசத்தை உறிஞ்ச மூலைமூலையாகக் கரித்துண்டு வைத்திருந்தாள் போ கிம். அவள் வேலை எப்போதும் அரைகுறையாக இருந்ததில்லை.

சியூ லுவான் கத்தினாள். வார்த்தையே இல்லாத ஒரு சத்தம் அது. கேட்பதற்கு ஆள் இல்லாததால் தானாகவே நின்றது.

பிறகு அவள் தண்ணீரைக் கொதிக்கவைத்தாள். தேயிலை டின்னைப் போ கிம் தொடவில்லை, மூடியில் சுற்றிய நூல் அப்படியே இருந்தது. ஒரு பிடி இலையைக் கிண்ணத்தில் போட்டு, கொதிநீர் ஊற்றி, முதல் நீரைக் கோப்பைகளைக் கழுவக் கொட்டிவிட்டு, மறுபடி ஊற்றினாள். மூன்று கோப்பைகளையும் சுற்றிச்சுற்றி நிரப்பினாள். தனியாக இருந்தாலும் மூன்றுதான், கை வேறு கணக்கு அறியாது. ஒன்றை எடுத்துக் குடித்தாள். இஞ்சிப்பூ வந்தது. தேன் வந்தது. நாக்கின் ஓரத்தில் இனிப்பு ஊறி, தொண்டைக்குள் இறங்கி, மறுபடி மேலேறி வந்தது. காலிக் கோப்பையை ஆறவிட்டு மூக்கருகே கொண்டுபோனாள்.

அவன் இருந்தான்.

உப்பு நாரத்தை முதலில், பிறகு தைலம், பிறகு மழையில் நனைந்த கம்பளி. அதற்கும் அடியில் மற்றவர்கள் யாரும் சொல்லாத ஒன்று, சொல்லத் தெரியாத ஒன்று, விடிகாலையில் புரண்டு படுக்கும்போது அவன் கழுத்து மடிப்பில் இருக்கும் சூடு. அவள் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள், எல்லாரும் பார்த்தது போலவே. பனி மட்டும் நின்றது.

கோப்பைக்குள் வருகிறான் என்றால், வீட்டில் இல்லை என்று அர்த்தம். அது அவளுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. தலையணையில் இல்லை, சுவரில் இல்லை, அவள் முடியில் இல்லை. சாவு நடந்த நாளில்கூட அவள் இப்படித் தனியாக இருந்ததில்லை. அவள் மறுபடி ஊற்றினாள், மறுபடி முகர்ந்தாள். நல்ல ஊலாங் எத்தனையோ தடவை ஊற்றினாலும் தாங்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவன் கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றான்.

இலை வெளுத்துப்போகிற சமயத்தில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. போ கிம் கரிக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினாள்.

சியூ லுவான் எழுந்திருக்கவில்லை. "சட்டையைத் துவைச்சிட்டீங்க."

"ஆமா."

"வீட்டையே துவைச்சிட்டீங்க."

"தேயிலையைத் தொடாதேன்னுதான் நீ சொன்னே. தொடலை."

"மதினி!"

"கத்துடி. நல்லாக் கத்து." போ கிம் அங்கேயே கரிக்கூடை விளிம்பில் உட்கார்ந்தாள். "நீ அவனைத் தேடிட்டிருந்தே. எனக்கு இந்த வாசல்ல கால் வைக்கும்போதெல்லாம் அவன் இருந்தான். உள்ள படுத்திருக்கான், இருமுவான், அக்கா வந்துட்டியான்னு கேப்பான்னு உள்ள வருவேன். உள்ள வந்தா பாய்கூட இருக்காது. ஒவ்வொரு நாளும் அவன் புதுசா செத்தாண்டி எனக்கு. என்னால முடியலை."

அவள் அழுது சியூ லுவான் பார்த்ததில்லை, சாவன்றும் பார்க்கவில்லை. இப்போதும் அவள் அழவில்லை, கையிலிருந்த கரியைப் பாவாடையில் தேய்த்துத் தேய்த்துக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"வந்தானா?"

"வந்தார்."

"ம்."

சியூ லுவானின் கை தானாக மூடிக்கிண்ணத்துக்குப் போனது. புது ஆள் வந்து உட்கார்ந்தால் இலையை மாற்ற வேண்டும். ஊறிப்போன இலையை வந்தவருக்கு ஊற்றிக் கொடுத்த வீட்டை அந்த மலையில் தலைமுறைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். கோபத்திலும் அவளால் அதை மீற முடியவில்லை. கிண்ணத்தைச் சக்கைத் தொட்டிமேல் சாய்க்கப் போனபோது போ கிம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கரி அவள் தோலில் ஒட்டியது.

"மாத்தாதே. அதையே ஊத்து."

"வெறும் தண்ணியாட்டம் இருக்கும், மதினி."

"இருக்கட்டும். நான் என்ன விருந்தாளியா?"

மூன்று கோப்பைகளிலும் நிறமே இல்லாமல் விழுந்தது. ஆளுக்கு ஒன்று எடுத்துக் குடித்தார்கள். போ கிம் காலிக் கோப்பையை முகர்ந்துவிட்டுத் தலையாட்டினாள். "ஒண்ணும் தெரியலை," என்றாள். வாசம் போக வேண்டும் என்றே கரி சுமந்து வந்தவள், ஆனாலும் அதைச் சொன்னபோது முகம் சிறுத்துப்போனது. மூன்றாவது கோப்பையை இருவரும் எடுக்கவில்லை.

பிறகு வேலை. குழியில் கரியைப் பற்றவைத்து, தணல் சிவந்ததும் சாம்பலால் மூடி, கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் டின்னில் இருந்த இலை அத்தனையையும் பரப்பினார்கள். இருவரும் எதிரெதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். முதலில் இலையின் ஈரம் எழுந்தது. பிறகு இஞ்சிப்பூ. பிறகு சூடு ஏறிய இலை தன்னிடம் இருந்ததையெல்லாம் விட ஆரம்பித்தது.

இருவரும் ஒன்றாகக் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நாரத்தையும் தைலமும் கம்பளியும் கூடைக்கு மேலே எழுந்து, அறையை நிறைத்து, சன்னல் வழியாகப் பனிக்குள் போய்க்கொண்டிருந்தன. சியூ லுவான் எழுந்துபோய்ச் சன்னலை மூடினாள். திரும்பும்போது திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். போ கிம் அதற்குள் எழுந்து மறுபக்கத்துச் சன்னலை மூடிக்கொண்டிருந்தாள்.

"கதவு மட்டும் திறந்து கெடக்கட்டும்," என்றாள் போ கிம், கொண்டியைப் போட்டபடி. "கரி எரியுது. அதையும் மூடினா நாம ரெண்டு பேரும் அவன்கிட்டயே போய்ச் சேர வேண்டியதுதான்."

சியூ லுவானுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே மூக்கும் ஒழுகியது. முக்காலியில் உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தாள். முதலில் பலமாக இருந்தது. கொஞ்சம் குறைந்தது. இலையைப் புரட்டிப் போட்டாள். இன்னும் குறைந்தது.

"உனக்குத் தெரியுதா?" என்று போ கிம் கேட்டாள்.

"இப்ப தெரியலை."

"எனக்கும்."

முன்பானால் சியூ லுவான் பதறிப்போயிருப்பாள். இப்போது கூடைமேல் கையை வைத்துச் சூடு பார்த்துவிட்டு, கொடியில் இருந்து ஈரச் சட்டையை எடுத்து வந்து, கதவுக்குப் பின்னால் அதே ஆணியில் மாட்டினாள். போ கிம் அதைப் பார்த்துவிட்டுக் கூடைமேல் இருந்த இலையைப் புரட்டினாள்.

"தெரியலைன்னா இருக்கார்," என்றாள் சியூ லுவான்.